காலணியில் கட்டிய சென்சாரோடு நடப்பது: ஜிபிஎஸ் எட்டாத இடத்தில் பாதை பிசகாமல் இருக்க

அடித்தள பார்க்கிங்கில் இறங்கினாலோ, பெரிய மருத்துவமனையின் உள் பிளாக்குக்குப் போனாலோ, போன் திரையில் அந்த நீலப்புள்ளி தயங்கி நின்றுவிடும். இல்லையென்றால் பக்கத்துத் தெருவுக்குத் தாவிவிடும். வானம் தெரியாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாது. அங்கே நாம் எத்தனை தூரம் எந்தப் பக்கம் நடந்தோம் என்பதை உடம்பில் கட்டிய சென்சார்களை வைத்தே கணக்கிடலாம். சில நூறு ரூபாய்ச் சென்சார் சில்லே (சிப்) போதும். ஆனால் பிழையை அடக்கத் தெரியாவிட்டால் அதே சில் ஒரே நிமிடத்தில் உங்களை அரை கிலோமீட்டர் தள்ளி நிறுத்திவிடும். அந்தப் பிழையை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்லூரி புராஜெக்டுக்காகவோ சொந்த ஆர்வத்திலோ முதல்முறை இதில் இறங்குபவர்களை மனதில் வைத்து எழுதியது.

இது விளையாட்டான விஷயம் இல்லை என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1999 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரத்தில் ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கில் தீப்பிடித்தது. ஜன்னல்கள் அநேகமாக இல்லாத கட்டடம். உள்ளே போன இரண்டு தீயணைப்பு வீரர்கள் புகையில் வழி தவறிவிட்டார்கள். அவர்களைத் தேடிப் போனவர்களில் நான்கு பேரும் திரும்பவில்லை. மொத்தம் ஆறு உயிர். புகைக்குள் ஒரு மனிதர் எங்கே நிற்கிறார் என்று வெளியிலிருந்து தெரிந்துகொள்ளும் கருவியை உருவாக்க, அதே நகரத்துப் பல்கலைக்கழகம் பின்னாளில் ஆய்வில் இறங்கியது. பார்வையற்றவர்களுக்கு ரயில் நிலையத்துக்குள் வழி சொல்வது, சுரங்கத் தொழிலாளர்களின் இருப்பிடம் அறிவது என்று தேவை இன்னும் நீள்கிறது.

பிழை எங்கிருந்து வருகிறது?

மூன்று சென்சார்கள். முடுக்கமானி வேகம் மாறும் வீதத்தை அளக்கிறது, கைரோ சுழலும் வீதத்தை அளக்கிறது, காந்தமானி சுற்றியுள்ள காந்தப்புலத்தை அளக்கிறது. முடுக்கத்தை ஒருமுறை கூட்டிக்கொண்டே போனால் வேகம், இன்னொருமுறை கூட்டினால் தூரம். பள்ளியில் படித்ததுதான். ஆனால் முடுக்கமானிக்குப் புவியீர்ப்பும் சேர்ந்தே தெரிகிறது. அதைக் கழிக்க வேண்டுமென்றால் சென்சார் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்தக் கோணத்தைக் கைரோதான் சொல்ல வேண்டும். கைரோவோ அசையாமல் இருக்கும்போதும் பூச்சியம் காட்டாது, கொஞ்சம் தள்ளித்தான் காட்டும். இதை பயாஸ் என்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கைரோவில் நொடிக்கு 0.1 டிகிரி பயாஸ் மிச்சமிருக்கிறது என்று வையுங்கள். மலிவான சில்லுக்கு இது ரொம்ப நல்ல நிலை. கோணம் மெல்லத் தப்பாகும், புவியீர்ப்பில் ஒரு துண்டு பக்கவாட்டில் கசியும், அது வேகமாகும், வேகம் தூரமாகும். 10 நொடியில் பிழை 3 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 60 நொடியில் 600 மீட்டரைத் தாண்டிவிடும். பிழை நேரத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது என்பதுதான் காரணம். நேரம் ஆறு மடங்கானால் பிழை 216 மடங்காகும்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் வழியும் கிடைக்கிறது. பிழை வளர நேரமே கொடுக்காமல், நொடிக்கு ஒருமுறை அதைப் பிடித்து நிறுத்திவிட்டால்? நடக்கிற மனிதரின் பாதம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் தரையில் அப்படியே நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் வேகம் பூச்சியம் என்பது நமக்கு உறுதியாகத் தெரியும். கணக்கு வேறு ஏதாவது காட்டினால், காட்டியதெல்லாம் பிழை. எரிக் ஃபாக்ஸ்லின் 2005இல் எழுதிய கட்டுரை, காலணியில் சென்சாரைக் கட்டும் இந்த முறையைப் பரவலாக்கியது. பின்னர் ஸ்டாக்ஹோமின் கேடிஎச் பல்கலைக்கழகமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து ஓப்பன்ஷூ என்ற பெயரில் இதைத் திறந்த வடிவில் கொடுத்தன. இந்தத் துறையில் எல்லாமே இந்த ஒரு கேள்விக்குத்தான் வந்து நிற்கும்: எந்தக் கணத்தில் எதை நம்பலாம்?

சரி, வேலைக்கு வருவோம்.

பொருள் வாங்கும்போது

எம்பியூ-6050 என்ற சென்சார் போர்டில் முடுக்கமானியும் கைரோவும் மட்டும்தான் உண்டு. காந்தமானி தனியாக வாங்க வேண்டும். ஐசிஎம்-20948, எம்பியூ-9250 ஆகியவற்றில் மூன்றும் ஒரே சில்லில். ஆனால் 9250 என்று விற்கப்படும் போர்டுகள் பலவற்றில் உண்மையில் காந்தமானி இல்லாத 6500 சில்தான் இருக்கும். போர்டு கைக்கு வந்ததும் அதன் அடையாள ரெஜிஸ்டரை, அதாவது சில்லுக்குள் அதன் அடையாள எண் பதிந்திருக்கும் இடத்தை, நிரலால் படித்துப் பாருங்கள். பதினாறடிமான எண்ணில் 71 வந்தால் 9250, 70 வந்தால் 6500. காந்தமானியிலும் இதே கதை. எச்எம்சி5883எல் என்ற பெயரில் க்யூஎம்சி5883எல் வரும். இதுவும் வேலை செய்யும், ஆனால் முகவரியும் ரெஜிஸ்டர்களும் வேறு என்பதால் பழைய நிரல் ஓடாது. எத்தனையோ மாணவர்கள் இரண்டு நாளை இதில் தொலைத்திருக்கிறார்கள்.

தரவைப் படிக்க ஈஎஸ்பி32 என்ற சின்ன கணினிப் போர்டு ஒன்று, பதிய ஒரு மெமரி கார்டு, சின்ன பேட்டரி. இவ்வளவுதான். கையில் காசே இல்லையென்றால் ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலியைப் போனில் போட்டு, போனை இடுப்பில் இறுக்கிக் கட்டித் தொடங்கலாம். அதில் பாதத்தின் நிற்கும் கணம் கிடைக்காது. அடிகளை எண்ணி, ஒவ்வோர் அடியின் நீளத்தை மதிப்பிட வேண்டும். வைன்பெர்க் முறை எளிமையானது: ஒரு அடிக்குள் செங்குத்து முடுக்கத்தின் உச்சத்திலிருந்து பள்ளத்தைக் கழித்து, வரும் எண்ணுக்கு நான்காம் மூலம் எடுத்து, ஒரு மாறிலியால் பெருக்கினால் அடியின் நீளம். 50 மீட்டரை டேப்பால் அளந்து நடந்து அந்த மாறிலியை உங்களுக்கென்று கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். சுமை தூக்கி நடந்தால், ஈரத்தரையில் பதமாக நடந்தால், அது மாறும். அதனால்தான் நான் பாத முறையையே பரிந்துரைக்கிறேன். யார் நடந்தாலும், எப்படி நடந்தாலும், பாதம் நிற்கத்தான் செய்யும்.

இன்னொன்று, வாங்கியவுடன் செய்ய வேண்டியது. எம்பியூ-6050 இயல்பு நிலையில் 2 ஜி (புவியீர்ப்பின் இரண்டு மடங்கு) வரைதான் முடுக்கத்தையும், நொடிக்கு 250 டிகிரி வரைதான் சுழற்சியையும் அளக்கும். சாதாரண நடையிலேயே பாதம் இதைவிட வேகமாகச் சுழலும். குதிகால் தரையில் மோதும்போது முடுக்கமும் 2 ஜியை எளிதாகத் தாண்டும். அளவு மீறினால் சில் எச்சரிக்காது, உச்சத்தை மட்டமாக வெட்டிக் கொடுக்கும். என் முதல் பதிவில் ஒவ்வோர் அடியிலும் மலை உச்சி இருக்க வேண்டிய இடத்தில் மேசை போல ஒரு தட்டை. அதைப் பார்த்தும் புரியாமல் ஒரு வாரம் கால்மன் ஃபில்டரின் (சென்சார் கணக்கில் சேரும் பிழையை மதிப்பிட்டுத் திருத்தும் முறை) எண்களைத் திருகிக்கொண்டிருந்தேன். வெட்டுப்பட்ட தரவை எந்த ஃபில்டராலும் மீட்க முடியாது. முதல் வேலையாக 16 ஜி, நொடிக்கு 2000 டிகிரி என்று மாற்றிவிடுங்கள்.

கட்டும் விதம்

லேஸ் போட்ட ஷூ வேண்டும். செருப்பு உதவாது. பாதம் எழும்போது செருப்பின் பின்பகுதி தனியாகத் தொங்கி, தரையில் தட்டி, கடைசியில்தான் நிற்கும். போர்டை லேஸ் முடிச்சுக்குக் கீழே, பாதத்தின் மேட்டில் வைத்து இறுக்குங்கள். வெல்க்ரோ பட்டை ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே. விரலால் தட்டிப் பாருங்கள், போர்டு தனியாக ஆடக்கூடாது. வயர் தொங்கினாலும் அது இழுத்து ஆட்டும், டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

பதிவு செய்வது

முதல் மாதம் நேரலையாக எதையும் காட்ட முயல வேண்டாம். தரவை அப்படியே பதிந்து கொண்டுவந்து, கணினியில் பைத்தானில் போட்டு அலசுங்கள். ஒரே நடையை நூறு விதமாகத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 200 முறை பதிந்தால் 10 நிமிட நடைக்கு 1,20,000 வரிகள். இது ஒன்றும் பெரிதில்லை. ஒவ்வொரு வரியிலும் மைக்ரோ நொடியில் நேரம் இருக்க வேண்டும். 200 என்று சொல்லியிருக்கிறோமே என்று இரண்டு வரிகளுக்கு இடையே எப்போதும் 5 மில்லி நொடி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கார்டில் எழுதும்போது சில வரிகள் தாமதமாகும், போனில் இன்னும் மோசம். உண்மையான இடைவெளியை வைத்தே கணக்கிடுங்கள்.

அளவு சரிபார்ப்பு

இதைத் தவிர்த்துவிட்டு நேராக ஃபில்டருக்குப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. போகாதீர்கள். அரை மணி நேர வேலைதான்.

கைரோவின் பயாஸ் தெரிய, ஷூவைத் தரையில் வைத்து, தொடாமல், 20 நொடி பதிந்து சராசரி எடுத்தால் போதும். ஆனால் சில் சூடாகும்போது பயாஸ் நகரும். சுவிட்ச் போட்டவுடன் அளக்காமல் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அளங்கள். ஒவ்வொரு நடையின் தொடக்கத்திலும் முடிவிலும் 10 நொடி அசையாமல் நில்லுங்கள். தொடக்கத்து பயாஸும் முடிவுப் பயாஸும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் பார்த்தாலே அன்றைய தரவின் தரம் தெரிந்துவிடும்.

கைரோவுக்கு இன்னொரு குறை உண்டு, பலரும் கவனிக்காதது. எம்பியூ-6050இன் தரவுத்தாளே அதன் அளவுகோல் 3 சதவீதம் வரை பிசகலாம் என்கிறது. 90 டிகிரி திரும்பினால் 2.7 டிகிரி தப்பு. ஒரு சதுரத்தைச் சுற்றி வந்தால் கிட்டத்தட்ட 11 டிகிரி. இதைச் சரிசெய்ய டைல்ஸ் தரை போதும். போர்டை ஒரு சதுர மரக்கட்டையில் ஒட்டி, கட்டையின் ஓரத்தை டைல்ஸ் கோட்டோடு சேர்த்து வையுங்கள். தரையிலிருந்து தூக்காமல், ஒரே பக்கமாகப் பத்துச் சுற்று சுற்றி, மறுபடி அதே கோட்டில் சேருங்கள். பயாஸைக் கழித்துக் கூட்டினால் 3600 டிகிரி வர வேண்டும். 3540 வந்தால், இனி எல்லா அளவையும் 3600-ஐ 3540-ஆல் வகுத்து வரும் எண்ணால் பெருக்குங்கள். மூன்று அச்சுக்கும் தனித்தனியாக.

அதே கட்டையை ஆறு பக்கமும் மாற்றி மாற்றி வைத்து முடுக்கமானியைச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் புவியீர்ப்பு மட்டும்தான் தெரிய வேண்டும். எவ்வளவு? பாடப்புத்தகத்து 9.81 இங்கே பொருந்தாது. சென்னையில் அது 9.78. வித்தியாசம் சிறிதுதான், ஆனால் எப்போதும் ஒரே திசையில் தள்ளும். கால் காற்றில் இருக்கும் ஒவ்வொரு 0.6 நொடியிலும் உயரத்தில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். 200 காலடி நடந்தால் ஒரு மீட்டர், கணக்கின்படி நீங்கள் மாடிப்படி இறங்கியிருப்பீர்கள்.

பாதம் நிற்கும் கணத்தைப் பிடிப்பது

பதிவில் ஓர் அடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் குதிகால் தரையில் மோதும் இடம்: முடுக்கம் கூர்மையாக எகிறி, நடுங்கி அடங்கும். பாதம் முன்னோக்கி மடங்கித் தரையில் படியும். அப்புறம் ஒரு சமவெளி. கைரோவின் மூன்று கோடுகளும் பூச்சியத்தை ஒட்டி, முடுக்கத்தின் மொத்த அளவு 9.8 பக்கத்தில், எல்லாம் அமைதி. கால் நொடியோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். பிறகு குதிகால் எழும், கைரோ மெல்லச் சரியும், விரல் நுனி தரையை விட்டதும் பாதம் வீசி முன்னே போகும். அந்தச் சமவெளிதான் நமக்கு வேண்டும்.

அதைப் பிடிக்க மூன்று நிபந்தனை. முடுக்கத்தின் மொத்த அளவு 9-க்கும் 11-க்கும் இடையில் இருக்க வேண்டும். சுழற்சியின் மொத்த அளவு நொடிக்கு 50 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். முன்னும் பின்னும் சில வரிகளை எடுத்துப் பார்த்தால் முடுக்கத்தில் ஏற்ற இறக்கம் குறைவாக இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாகப் பொருந்தினால் நிற்கிறது என்று கொள்ளலாம். இந்த எண்கள் தொடங்குவதற்குத்தான். படத்தில் வரைந்து, உங்கள் நடைக்கு ஏற்ப இறுக்கவோ தளர்த்தவோ செய்யுங்கள்.

இரண்டு விதமாகத் தவறலாம். ஓடும்போதோ படி இறங்கும்போதோ சமவெளி குறுகி, நிபந்தனைக்குச் சிக்காமல் போகும். ஓர் அடி தவறினால் பெரிய கேடில்லை, தொடர்ந்து நாலைந்து தவறினால் மும்மடி வளர்ச்சி தன் வேலையைக் காட்டிவிடும். மறுபக்கம், கால் காற்றில் வீசும்போது ஒரு கணம் எல்லா அளவும் தற்செயலாகப் பொருந்தி, நிற்கிறது என்று கணக்கு நினைத்துவிடும். இது முன்னதைவிட மோசம், ஏனென்றால் பொய்யான ஒன்றை உறுதியான உண்மை என்று ஃபில்டருக்குச் சொல்கிறோம். தொடர்ந்து 0.1 நொடியாவது நிபந்தனை நீடிக்க வேண்டும் என்று சேர்த்துவிட்டால் இதில் பெரும்பகுதி ஒழிந்துவிடும்.

லிஃப்டிலும் எஸ்கலேட்டரிலும் இந்த முறை ஏமாறும். பாதம் அசையாது, ஆனால் மனிதர் போய்க்கொண்டிருப்பார். மாடி எண்ணுக்குக் காற்றழுத்தமானி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு மாடி உயரத்துக்கு ஏறக்குறைய 0.35 ஹெக்டோபாஸ்கல் குறையும்.

ஃபில்டருக்குள் என்ன நடக்கிறது

பாதம் நிற்கும்போது வேகத்தைப் பூச்சியமாக்குவது மட்டும்தான் வேலை என்றால் கால்மன் ஃபில்டர் எதற்கு? கணக்கில் வேகம் நொடிக்கு 8 சென்டிமீட்டர் என்று வந்து, உண்மையில் அது பூச்சியம் என்றால், அந்த 8 சென்டிமீட்டர் எப்படிச் சேர்ந்தது என்பதையும் ஃபில்டர் யோசிக்கிறது. சாய்வுக் கோணம் இவ்வளவு தப்பாக இருந்திருந்தால்தான் இவ்வளவு கசிந்திருக்கும், அப்படியானால் இடமும் இவ்வளவு நகர்ந்திருக்கும் என்று சேர்த்தே திருத்துகிறது. இடம், வேகம், கோணம் ஆகிய மூன்றின் பிழைகளையும் ஒன்பது எண்களாக வைத்துத் தொடங்குங்கள். அது ஒழுங்காக ஓடிய பிறகு கைரோ, முடுக்கமானி இரண்டின் பயாஸையும் சேர்த்துப் பதினைந்தாக்கலாம். எடுத்த எடுப்பிலேயே பதினைந்துக்குப் போனால் எங்கே பிழை என்று தேடியே மாளாது.

இது சரியாக அமைந்த அன்று நடந்த பாதையை வரைந்து பாருங்கள், ஒவ்வோர் அடியும் தெளிவாகத் தெரியும். தூரம் கிட்டத்தட்ட சரி, உயரம் சரி. ஆனால் நேராக நடந்த வராந்தா வாழைப்பழம் போல வளைந்திருக்கும்.

காரணம் இதுதான். பாதம் நிற்பது வேகத்தைச் சொல்கிறது, அதன் மூலம் முன்பின் சாய்வையும் பக்கச் சாய்வையும் திருத்த முடிகிறது. ஆனால் நீங்கள் வடக்கே பார்த்து நிற்கிறீர்களா கிழக்கே பார்த்து நிற்கிறீர்களா என்பதை ஒரு நின்ற பாதம் சொல்லாது. செங்குத்து அச்சில் கைரோ நகர்ந்தால் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. 100 மீட்டர் நடையில் 5 டிகிரி திசைப்பிழை இருந்தால் 8.7 மீட்டர் தள்ளிப்போவோம், பக்கத்து வார்டுக்குள் போய்விடுவோம். இங்கேதான் காந்தமானி வருகிறது. இங்கேதான் அதிகக் கவனமும் வேண்டும்.

திசை: காந்தமானியை எவ்வளவு நம்பலாம்

முதலில் நம் ஊருக்கு இயற்கை தந்த ஒரு வசதி. காந்த நிலநடுக்கோடு தென்னிந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963இல் முதல் ராக்கெட் ஏவப்பட்ட கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும், திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதும் இதனால்தான். பூமியின் காந்தப்புலம் இங்கே கிட்டத்தட்ட கிடைமட்டமாகப் போகிறது. சென்னையில் மொத்தப் புலம் சுமார் 41 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு), அதில் ஏறத்தாழ 40 கிடைமட்டத்தில் இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் மொத்தம் 50-ஐத் தாண்டும், ஆனால் அது தரையை நோக்கி 70 டிகிரிக்கு மேல் குத்திட்டு நிற்பதால் திசை காட்டப் பயன்படும் பங்கு 15 அளவுதான்.

இதனால் என்ன லாபம்? ஒரு இரும்புக் கம்பி பக்கவாட்டில் 10 மைக்ரோடெஸ்லா குழப்பம் உண்டாக்குகிறது என்று வையுங்கள். ஸ்டாக்ஹோமில் திசைகாட்டி 34 டிகிரி விலகும், சென்னையில் 14 டிகிரி. சாய்வுக் கோணம் 2 டிகிரி தப்பாக இருந்தால் அங்கே திசையில் 6 டிகிரிக்கு மேல் பிழை, இங்கே அரை டிகிரிகூட இல்லை. ஐரோப்பியக் கட்டுரைகளில் காந்தமானியை ஒதுக்கிவிடச் சொல்வதைப் படித்தால், அது அவர்கள் மண்ணில் செய்த சோதனை என்பதையும் நினைவில் வையுங்கள். சென்னையில் உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான், அதுவும் தொல்லை இல்லை.

இதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் கூடாது. கான்கிரீட் தளத்துக்குள் கம்பி இருக்கிறது, பாதமோ அந்தத் தளத்தின் மேலேயே இருக்கிறது. காந்தமானியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். இரும்பு பீரோ பக்கம் போனதும் எண் ஏறும், லிஃப்ட் கதவருகே தலைகீழாகும், தரைக்குக் குனிந்தால் ஒவ்வொரு சாணுக்கும் மாறும். முடிந்தால் காந்தமானியை மட்டும் இடுப்புக்கு மாற்றிவிடுங்கள். கைரோ பாதத்திலேயே இருக்கட்டும். இடுப்புத் திசையும் பாதத் திசையும் அடிக்கு அடி வேறுபட்டாலும், நேராக நடக்கும்போது பத்து அடிச் சராசரியில் ஒன்றாகவே போகும்.

காந்தமானியின் அளவு சரிபார்ப்பை, எல்லாவற்றையும் உடம்பில் கட்டப்போகும் நிலையிலேயே செய்ய வேண்டும். பேட்டரியின் எஃகு உறை, ஷூவுக்குள் இருக்கும் இரும்புத் தகடு, பெல்ட் பக்கிள் எல்லாமே கூட வரும் காந்தங்கள்தான். மொத்தப் பொருளையும் திறந்த மைதானத்துக்கு எடுத்துப்போய், வண்டிகளிலிருந்து விலகி நின்று, காற்றில் எட்டு போட்டபடி எல்லாப் பக்கமும் புரட்டுங்கள். வரும் புள்ளிகளை முப்பரிமாணத்தில் வரைந்தால் ஒரு கோளம் வர வேண்டும். கோளத்தின் நடு, பூச்சியத்தில் இல்லாமல் நகர்ந்திருந்தால் அது கூடவே வரும் நிரந்தரக் காந்தத்தின் வேலை, நகர்ந்த அளவைக் கழித்துவிடலாம். கோளம் முட்டை போல நசுங்கியிருந்தால் அது பக்கத்து இரும்பு புலத்தை வளைப்பதால், நீள்கோளம் ஒன்றைப் பொருத்தி நிமிர்த்த வேண்டும். திருத்திய பிறகு எந்தப் பக்கம் புரட்டினாலும் மொத்த அளவு ஒன்றிரண்டு மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் ஆடக்கூடாது. பேட்டரியை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும்.

இனி நடக்கும்போது, ஒவ்வோர் அடியிலும் காந்தமானியை நம்பலாமா வேண்டாமா என்று மூன்று கேள்வி கேளுங்கள். மொத்த அளவு அந்த ஊரின் அளவோடு ஒத்துப்போகிறதா? புலம் தரையோடு செய்யும் கோணம் ஒத்துப்போகிறதா? சென்னையில் அது 10 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், அளவு சரியாக இருந்து கோணம் 30 என்றால் இரும்பு பக்கத்தில் இருக்கிறது. மூன்றாவது, போன அடிக்கும் இந்த அடிக்கும் நடுவே கைரோ சொல்லும் திருப்பமும் காந்தமானி சொல்லும் திருப்பமும் ஒன்றா? கைரோ 1 டிகிரி என்று சொல்லி காந்தமானி 20 டிகிரி என்று சொன்னால் அந்த நேரத்தில் கைரோ சொல்வதுதான் சரி. குறுகிய நேரத்துக்குக் கைரோ, நீண்ட நேரத்துக்குக் காந்தமானி. மூன்றும் தொடர்ந்து ஐந்தாறு அடிகளுக்குப் பொருந்தினால் மட்டும் திசையை மெல்ல அந்தப் பக்கம் இழுங்கள். ஒரேயடியாக மாற்றாதீர்கள்.

இதைவிட நுட்பமான வழி ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. இரும்பு பீரோ பக்கத்தில் நிற்கிறீர்கள், புலம் காட்டும் வடக்கு சுத்தப் பொய். ஆனாலும் அது மாறாத பொய் என்றால் பயன்படும். ஓரிடத்தில் ஒரு நொடி நின்றாலும், அந்தக் குழம்பிய புலத்தின் திசை நம் சென்சாருக்குச் சுழல்வதாகத் தெரியவில்லை என்றால், நாமும் சுழலவில்லை. கைரோ அப்போது ஏதாவது காட்டினால் அது பயாஸ். வடக்கு எதுவென்றே தெரியாமல் கைரோவைத் திருத்திவிட்டோம். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் இந்த வழியில் நிறைய வேலை நடந்திருக்கிறது.

வராந்தாக்கள் நேர்க்கோட்டில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும் கட்டடம் என்றால் இன்னொரு உதவி உண்டு. பல அடிகளாக நேராகவே நடந்து, திசை கட்டடத்தின் நான்கு திசைகளில் ஒன்றுக்கு 3 டிகிரி தள்ளி இருந்தால், அந்தத் திசைக்கு மெல்லத் தள்ளலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் போரன்ஸ்டைனும் ஒஜேடாவும் இதை முறையாக்கினார்கள். வட்டமான அரங்கிலோ வளைந்த தெருவிலோ இதை அணைத்துவிடுங்கள், வளைவையும் நேராக்கிவிடும்.

சோதித்துப் பார்ப்பது

வராந்தாவில் போய்விட்டு வந்த வழியே திரும்பி, தொடங்கிய இடத்திலேயே முடிந்ததைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். போகும்போது 10 சதவீதம் நீளமாகக் கணக்கிட்டால் வரும்போதும் அப்படியே கணக்கிடும், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூச்சியம் காட்டும். சதுரமாக நடங்கள். அதே சதுரத்தை வலஞ்சுழியாக மூன்று முறை, இடஞ்சுழியாக மூன்று முறை. இரண்டிலும் பாதை ஒரே பக்கம் வளைந்தால் பயாஸ். எதிரெதிர்ப் பக்கம் வளைந்தால் கைரோவின் அளவுகோல், டைல்ஸ் தரைக்குத் திரும்புங்கள். நான்கு மூலையிலும் சாக்பீஸால் குறி போட்டு, டேப்பால் அளந்து வைத்து, ஒவ்வொரு மூலையிலும் இரண்டு நொடி நின்று போனால், முடிவில் மட்டுமின்றி ஒவ்வொரு திருப்பத்திலும் பிழை எவ்வளவு என்று தெரியும்.

ஒவ்வொரு நடைக்கும் நோட்டில் தேதி, ஷூ, பேட்டரி, தரை வகை, யார் நடந்தது, வழியில் லிஃப்ட் இருந்ததா என்று எழுதி வையுங்கள். இரண்டாவது காலிலும் ஒரு சென்சார் கட்ட முடிந்தால் திசைப்பிழை நன்றாகவே குறையும். வலது கால் ஒரு பக்கம் இழுத்தால் இடது கால் எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டு பாதங்களும் ஒரு காலடி வீச்சுக்கு மேல் பிரிய முடியாது என்பதையும் ஃபில்டரிடம் சொல்லலாம்.

பார்வையற்ற ஒருவருக்காக இதைச் செய்கிறீர்கள் என்றால், முதல் பல வாரங்கள் நீங்களே கட்டிக்கொண்டு நடங்கள். பிறகு அவரோடு நடக்கும்போதும் அவருடைய கோல் கையிலேயே இருக்கட்டும், நீங்களும் பக்கத்தில் இருங்கள். பாதை தெளிவில்லாதபோது கருவி தெரியவில்லை என்று சொல்ல வேண்டும், ஊகித்துச் சொல்லக்கூடாது. ஃபில்டர் தன் நிச்சயமின்மையையும் கூடவே கணக்கிடுகிறது. அது இரண்டு மீட்டரைத் தாண்டினால் குரல் வழிகாட்டலை நிறுத்தி, நின்று உதவி கேட்கச் சொல்லுங்கள்.

முதல் சதுரத்துக்கு மொட்டை மாடி வசதியான இடம். தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியிலிருந்தும் டிஷ் ஆன்டெனாவிலிருந்தும் தள்ளிக் குறி போடுங்கள். காலை ஆறரைக்கே ஏறிவிடுங்கள். வெயில் தளத்தில் ஏறிவிட்டால் நடை முடிவதற்குள் பயாஸ் நகர்ந்திருக்கும்.